ராசியான சீட்

எங்கள் வீட்டில் ஒரு மரத் தொட்டில் உண்டு. வீட்டில் உண்டு என்பதுகூடப் பேச்சுக்குத்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வேறு யார் வீட்டிலாவது இருக்கும். உறவில் எங்கே குழந்தை பிறந்தாலும், பெயர் வைப்பதற்கு முன்பே தொட்டிலுக்கு ஆள் வந்துவிடும். நான் கிடந்த தொட்டில் அது. எனக்கு முன்னால் பெரியப்பா மகன் கிடந்தார். அதன் பக்கக் கட்டையில் ஒரு பல் தடம் இருக்கிறது. அது என்னுடையது என்பது என் அம்மாவின் கட்சி. தம்முடையது என்பது அண்ணனின் கட்சி. நாற்பது வருஷமாகத் தீராத வழக்கு.

தொட்டில் மட்டுமா? பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடுவதில்லை; தாத்தாவின் நைந்த வேஷ்டியைக் கிழித்துத்தான் சுற்றுகிறோம். நடைவண்டி, வெள்ளிப் பாலாடை, அரைஞாண் எல்லாம் இன்னொரு குழந்தையிடமிருந்து வந்தவைதாம். இதில் சிக்கனம் கொஞ்சம் உண்டு. ஆனால் சிக்கனம் மட்டுமில்லை. "நன்றாக வளர்ந்த பிள்ளையின் சாமான், இதுவும் நன்றாக வளரட்டும்" என்ற நினைப்புத்தான் பெரிது. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவனுக்கு "பழசு வேண்டாம்" என்று சொல்ல நாக்கு வருமா? எனக்கு வரவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2023-ஆம் வருஷம் என் தங்கை பிரசவத்துக்காகத் திருச்சிக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் கோயமுத்தூருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை காரோடு வந்து கூட்டிப் போவார். ஒருநாள் அவர் போனில், "மச்சான், பாப்பாவுக்கு ஒரு கார் சீட் வேணுமே. நீங்க அங்கே விசாரிச்சு வைக்கிறீங்களா?" என்றார்.

தாய்மாமனிடம் கேட்கவேண்டிய முறையில்தான் கேட்டார். நானும் "அதற்கென்ன" என்றேன். போனை வைத்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்னடா அது, சீட்டு?"

குழந்தையை வைத்து வார் போட்டுக் கட்டுகிற சின்ன நாற்காலி என்று விளக்கினேன்.

"மடி எதுக்கு இருக்கு? உன்னை உங்கப்பா சைக்கிள் பார்லே ஒரு துண்டை மடிச்சுப் போட்டு உக்கார வெச்சு லால்குடி வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனார். நீ நல்லாத்தானே இருக்கே?"

நான் நன்றாக இருக்கிறேனா என்பது விமரிசகர்கள் முடிவு செய்யவேண்டிய விஷயம். அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இதே குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது ஆட்டோவில், அம்மாவின் மடியில். என் சொந்த மக்கள் இருவரும் வளர்ந்ததும் மடியில்தான். எங்கள் காரில் சீட் என்ற பேச்சே எழுந்ததில்லை. ஒரு ஸ்கூட்டரில் நாலு பேர் போகும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வாரைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் பேசுவது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் கூச்சம் வேறு, கணக்கு வேறு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒன்றின்மேல் மோதி நிற்கும்போது வண்டிதான் நிற்கிறது; மடியிலிருக்கிற குழந்தை நிற்பதில்லை. பத்துக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகி முன்னால் பாய்கிறது. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. அன்பு குறைவினால் அல்ல. கைக்கு அவ்வளவு பலம் இல்லை. 1964-இல் ஸ்வீடன் தேசத்தில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் குழந்தை பின்புறம் பார்த்து உட்காரும்படி ஒரு சீட்டைச் செய்து பரிசோதித்தார். விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாம். பாரத்தை முதுகு முழுவதும் பரப்பி வாங்கிக்கொள்கிற தந்திரம். நம் தேசத்திலும் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், பதினாலு வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று எழுதிவிட்டார்கள். கட்டினவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கடையில் விசாரித்தேன். நல்ல சீட் பதினையாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்றார்கள். எழுத்தாளன் வீட்டில் அந்தத் தொகைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. தெரிந்தவர்களிடம் மெல்லச் சொல்லி வைத்தேன்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு நண்பர். சில வருஷம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பியவர். "சும்மாதான் சார் கிடக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். சிங்கத்தின் படம் போட்ட அழகான சீட். அதற்குள் நான் கொஞ்சம் படித்து வைத்திருந்தபடியால், ஏதோ நிபுணன் மாதிரி அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருந்தது: 2014-இல் செய்தது, 2021-க்குப் பிறகு உபயோகிக்காதே.

நண்பர் சிரித்துவிட்டார். "மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும்தான் எக்ஸ்பைரி உண்டுன்னு நினைச்சேன்."

நானும் போன வாரம்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பிளாஸ்டிக்கும் மூப்படைகிறது. வெயிலில் நிறுத்தின காருக்குள் இருக்கும் சூடு நமக்குத் தெரியும். அந்தச் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து குளிர்ந்து வெந்து குளிர்ந்து, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே உளுத்துப் போகிறது. சீட் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வருஷம்தான் ஆயுள் கொடுக்கிறார்கள். இந்த சீட் மொட்டை மாடி வெயிலை வேறு தின்றிருந்தது. "வேண்டாம்" என்று சொல்வதில் எங்கள் இருவருக்கும் வருத்தமில்லை. அவர் காப்பி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி போன் செய்தாள். தொட்டில் வழக்கில் எதிர்க்கட்சிக்காரர் என்று சொன்னேனே, அந்த அண்ணனின் மனைவி.

"தம்பி, சீட்டுக்கு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்களாமே? நான் ஒருத்தி இருக்கிறது ஞாபகமில்லையா?"

தில்லைநகரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில், வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சீட்டை வைத்திருந்தாள். நவராத்திரிக்குக் கொலு வைத்த மாதிரி. பிறந்த குழந்தை முதல் நாலு வயது வரை ஏற்ற சீட். உறையைத் துவைத்து, ஓரத்தில் பிரிந்திருந்த தையலைத் தைத்திருந்தாள். வாரைக்கூடக் கழற்றி வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து வெயிலில் காய வைத்தாளாம். 2018-இல் செய்தது என்று சீட்டின் பக்கத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. வாங்கின ரசீதும் விளக்கப் புத்தகமும் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தன. நிபுணனுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணி அதைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இது வெறும் சீட் இல்லை, தம்பி. உங்களுக்குத்தான் தெரியுமே. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் குடுத்த சீட். இது ராசியான சீட். பாப்பா இதிலேதான் போகணும்."

தெரியும். 2019-இல் சென்னையிலிருந்து திரும்பும்போது, உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தும் கார் லாரியின் பின்புறம் மோதிவிட்டது. காற்றுப் பைகள் வெடித்து விரிந்தன. அண்ணனுக்கு மணிக்கட்டு முறிந்தது. காரைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். பின்னால் சீட்டில் இருந்த ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. சமயபுரத்துக்கு அண்ணி மொட்டை போட்டுக்கொண்டாள், பிள்ளைக்கல்ல, தனக்கு.

இந்த சீட்டை "வேண்டாம்" என்று யார் சொல்வார்கள்? "ரொம்ப சந்தோஷம், அண்ணி" என்றேன். அவளே காரில் ஏற்றி வைத்தாள்.

அன்று இரவு, தூக்கம் வராமல், அந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். அச்சானது எதுவாயிருந்தாலும் படித்துவிடுகிற கெட்ட வழக்கம் எனக்கு. ஐந்து வருஷமாக அண்ணி பொன்னைப் போலக் காப்பாற்றி வைத்திருந்த புத்தகம். படித்த அடையாளம் இல்லை. நடுப்பக்கத்தில், ஒரு கட்டத்துக்குள், கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது: விபத்தில் அகப்பட்ட சீட்டைத் திரும்ப உபயோகிக்க வேண்டாம், வெளியே சேதம் தெரியாவிட்டாலும் மாற்றிவிடவும். அடுத்த பக்கத்தில் இன்னொன்று: வாரை நீரில் ஊறவைக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

நான் வக்கீலாகியிருக்கவேண்டியவன் என்று என் தகப்பனார் சொல்வார். உடனே ஓட்டை தேடினேன். ஒன்று கிடைத்தது. எல்லா விபத்தும் விபத்தல்ல. லேசான இடிக்கு சீட்டை மாற்றவேண்டியதில்லை என்று அமெரிக்க சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகா சொல்கிறது. லேசானதா என்று அறிய ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறார்கள். காரை அந்த இடத்திலிருந்து ஓட்டிப் போக முடிந்ததா? சீட்டுக்கு அருகிலிருந்த கதவு சேதப்படாமல் இருந்ததா? காருக்குள் யாருக்கும் காயமில்லையா? காற்றுப் பைகள் விரியவில்லையா? சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லையா? ஐந்துக்கும் சாதகமான பதில் வந்தால்தான் லேசான இடி. படுக்கையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். ஐந்தில் மூன்று தோற்றுவிட்டது.

காரணம் எளிதுதான். அந்த ஒரு நொடியில் பிள்ளைமேல் விழவேண்டிய அடியை சீட் வாங்கிக்கொண்டது. வார் இழுபட்டு நீண்டிருக்கலாம். உறைக்கு அடியிலே தெர்மாகோல் மாதிரி ஒரு மெத்து இருக்கிறதே, அது நசுங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் கூட்டில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கலாம். ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். வீட்டில் வைத்துப் பார்த்துச் சொல்ல வழியில்லை. இன்னொரு லாரி நிற்கும்போதுதான் தெரியும்.

எந்தக் காரணத்துக்காக அண்ணி அதை ராசி என்றாளோ, அதே காரணத்தால் அது ஆகாது என்று புத்தகம் சொன்னது. இதை நான் கதையில் எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர், "ரொம்பச் செயற்கையாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. ஒரு பழைய சீட்டைப் பற்றிக் கேட்கவேண்டிய பெரிய கேள்வி ஒன்றுதான்: "இது எங்கேயாவது அடிபட்டதா?" எதிர்வீட்டுக்காரரிடம் அதைக் கூச்சமில்லாமல் கேட்டுவிடலாம், ஆனால் பதிலை எவ்வளவு தூரம் நம்புவது? அவருக்கு முன்னால் அது யார் காரில் இருந்ததோ! முகந்தெரியாத ஆளிடம் செல்போனில் பார்த்து வாங்கினாலோ கேட்கவே வேண்டாம். விற்கிறவன் "ஆமாம்" என்று சொல்வானா? சொந்தக்காரரின் பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆனால் அவரிடம் வாய் திறந்து கேட்பது எப்படி? எனக்கோ கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பதில் முன்னாலேயே தெரியும். தெரிந்துகொண்டே "சந்தோஷம்" என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறேன்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? அந்தப் பிள்ளை பிழைச்சுதே, அதுக்கு மேலே என்ன சாட்சி வேணும்?" என்றாள். அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக்கூடாது என்று உதாரணம் சொன்னேன். ஹெல்மெட்டே அம்மாவுக்குச் சம்மதமில்லை. ஆனால் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தானாகவே பேச்செடுத்தாள்.

"எங்க ஊர்லே ஒரு தடவை பசு மாடு கிணத்துலே விழுந்துட்டுது. கவலை ஏத்தத்து வடத்தைப் போட்டுத்தான் பத்துப் பேர் இழுத்தாங்க. மாடு பிழைச்சுது. அந்த வடத்தைத் தாத்தா மறுபடி ஏத்தத்துலே கட்டவே இல்லை. பார்த்தா நல்லாத்தான் இருந்துது. அது போதும், அதோட வேலையை முடிச்சிட்டுதுன்னு சொல்லிட்டார். வைக்கப்போர் கட்டறதுக்கு வெச்சுக்கிட்டார்." கொஞ்ச நேரம் கழித்து, "அது மாதிரியா?" என்றாள்.

அதே மாதிரிதான் என்றேன்.

"அப்ப அவகிட்டே சொல்லிடு."

சொல்லிடு! எவ்வளவு சுலபமான வார்த்தை! நான் சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. சீட்டைப் பழைய போர்வையால் மூடித் தாழ்வாரத்து மூலையில் வைத்தேன். புதிதாக ஒன்று வாங்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். நடுவில் இரண்டு தடவை அண்ணி வீட்டுக்குப் போய்க் காப்பியும் சாப்பிட்டேன். மாப்பிள்ளை வருகிற அன்று அண்ணி வழியனுப்ப வரமுடியாமல் ஏதாவது வேலை வந்துவிடாதா என்றுகூட நினைத்தேன். பாத்திரங்களை எல்லாம் துணிச்சலாகப் பேசவைக்கிறவன் இப்படித்தான் இருந்தேன்.

புறப்பாட்டுக்கு முதல் நாள் அண்ணி போன் செய்தாள். காலையில் வரும்போது சீட்டுக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்ற வேண்டும் என்றாள். இனித் தப்ப வழியில்லை. இருட்டினபிறகு தில்லைநகருக்குப் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை. அதுவும் நல்லதென்று நினைத்துக்கொண்டு, நின்றபடியே சொல்லி முடித்தேன். புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் காட்டினேன்.

அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"என் தங்கச்சி பிள்ளை ரெண்டு வருஷம் இதிலேதான் போச்சு, தம்பி. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும். நான்தான் பிடிவாதமாக் குடுத்தேன். அவ புதுசு வாங்கறேன்னுதான் சொன்னா."

எனக்கு இது தெரியாது. என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. "ஒண்ணும் ஆகலியே, அண்ணி" என்றேன். மூன்று வாரத்துக்கு முன் அம்மாவிடம் நான் ஒத்துக்கொள்ளாத அதே வாதம்.

"ஆகலை" என்றாள். பிறகு தலை நிமிர்ந்து, "உங்களுக்கு எப்போ தெரியும் இது?" என்று கேட்டாள்.

"கொண்டுபோன அன்னிக்கு ராத்திரியே."

"மூணு வாரமா மனசிலே வெச்சுக்கிட்டு என் கையாலே காப்பி வாங்கிக் குடிச்சீங்களா? இன்னிக்கு நான் எலுமிச்சம்பழம்னு சொல்லலைன்னா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அண்ணி சங்கடப்படுவாள் என்றுதான் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சங்கடப்படுவேன் என்பதுதான் வாஸ்தவம். இன்னும் கொஞ்சம் நாள் போயிருந்தால், போர்வைக்குள் இருந்ததை நான் அவளுக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன். அவளும் அடுத்த குழந்தைக்குத் துவைத்து வைத்திருப்பாள்.

காலையில் அண்ணி சீக்கிரமாகவே வந்துவிட்டாள். குழந்தையைக்கூடப் பார்க்காமல் நேரே தாழ்வாரத்துக்குப் போனாள். "யாரும் எடுத்து உபயோகப்படுத்தாம இருக்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். வாரை வெட்டிவிடச் சொல்கிறார்கள் என்றேன். கத்தரிக்கோல் கேட்டாள். அது அந்த நாடாவைக் கடிக்கவே இல்லை; கடைசியில் அம்மா அரிவாள்மணையை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வாராக அறுத்தாள். நான் வாங்கி அறுக்கப் போனபோது, "விடுங்க, தம்பி" என்றாள். அறுத்து முடித்ததும் பூட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உறையை மட்டும் உருவி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதை எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

பழைய சாமான்காரர் வந்து கூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு சார், எதுக்கு வெட்டினீங்க? எங்க தெருவிலே கார் வெச்சிருக்கிறவங்க வாங்கிப்பாங்களே" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அவருக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கெட்டியான கறுப்பு மையால் கூட்டின்மேல் "விபத்தில் அடிபட்டது" என்று அவளே எழுதியும் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை புது சீட்டைப் பின்புறம் பார்த்துப் பொருத்தினார். அண்ணி அதற்குக் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தாள். குழந்தையை அவள்தான் உட்காரவைத்தாள். வாரைப் பூட்டி, தோளில் விரலை விட்டு இறுக்கம் பார்த்தாள். அந்த வேலை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். சௌக்கியமாக வந்து சேர்ந்தார்களாம். குழந்தைதான் கரூர் தாண்டுகிறவரை ஓயாமல் அழுததாம். புது சீட், பழகவில்லை. இதை அண்ணிக்குச் சொன்னேன்.

"என் சீட்டாயிருந்தா அழுதிருக்காது" என்றாள் அண்ணி.